படம் போய்ச் சேர வேண்டிய மேசை

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக 40 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி முடித்து வால்பாறையை நெருங்கும்போது புதுத்தோட்டம் எஸ்டேட் வரும். சாலையை ஒட்டி அங்கே ஒரு துண்டுக் காடு இருக்கிறது. பரப்பளவு 100 ஹெக்டேர்கூட வராது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத சோலைமந்திகள் அந்தத் துண்டுக்குள் கூட்டம் கூட்டமாக வாழ்கின்றன. சிங்கவால் குரங்கு என்று பாடப்புத்தகங்கள் சொல்வது இதைத்தான். சுற்றுலா வருபவர்கள் காரை ஓரம் கட்டி, கறுத்த முகத்தைச் சுற்றி வளர்ந்திருக்கும் வெள்ளைப் பிடரியைக் கைபேசியில் எடுத்துக்கொண்டு போவார்கள். பார்க்கத் திகட்டாத முகம். நானும் எடுத்திருக்கிறேன், இன்னும் எடுப்பேன்.

ஆனால் அதே இடத்தில் வைட் ஆங்கிள் லென்ஸை மாட்டி, தரையோடு தரையாகக் கேமராவை வைத்து எடுத்த படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. வயிற்றில் குட்டி தொங்க, ஒரு தாய் மந்தி சாலையின் நடுக்கோட்டைத் தாண்டுகிறது; பின்னால் தேயிலை மூட்டை ஏற்றிய லாரி வளைவில் திரும்புகிறது. பிடரி தெரியும் படத்தை வாங்கியவர்கள் வீட்டுச் சுவரில் மாட்டினார்கள். லாரிப் படத்தை ஒரு கூட்டத்தில், சாலையைப் பற்றி முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர்கள் சுற்றி உட்கார்ந்திருந்த மேசைமேல் வைத்தார்கள். கானுயிர் ஒளிப்படத்துக்கும் கானுயிர்ப் பாதுகாப்புக்கான ஒளிப்படத்துக்கும் உள்ள வேறுபாட்டை எனக்கு விளக்கச் சொன்னால் இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன். படம் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று யோசித்துவிட்டுக் கேமராவைத் தூக்குவதுதான் இந்தத் தொழில்.

சோலைமந்தி மரத்திலேயே பிறந்து மரத்திலேயே வாழும் விலங்கு. நூறு ஆண்டுகளுக்கு முன் தேயிலைக்காக இந்த மேட்டுநிலம் திருத்தப்பட்டபோது தொடர்ச்சியாக இருந்த மழைக்காடு துண்டு துண்டாகச் சிதறியது. மரக்கிளைகள் ஒன்றையொன்று தொடாத இடங்களில் மந்தி இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்கினால் தார்ச்சாலை, மின்கம்பி, வீட்டுக் கூரை, சிப்ஸ் பொட்டலம். இதைச் சரிசெய்யத்தான் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பழைய தீயணைப்புக் குழாய்களையும் கயிறுகளையும் கொண்டு பாலங்கள் கட்டினார்கள். இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை என்ற ஆய்வு நிறுவனமும் வனத்துறையும் இதில் முன்னின்றன. மந்தி அந்தப் பாலத்தில் நடந்து போகும் படத்தையும் எடுத்து வைத்திருக்கிறேன். சிக்கலை மட்டும் காட்டும் ஒளிப்படக்காரர் பாதி வேலையைத்தான் செய்கிறார். எது பலன் தந்தது என்பதையும் காட்டினால்தான் அடுத்த ஊரில் இன்னொரு பாலத்துக்குக் கை நீட்டிப் பணம் கேட்க முடியும்.

இப்படிப்பட்ட படங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1871இல் அமெரிக்க நில ஆய்வுக் குழு ஒன்றுடன் சென்ற வில்லியம் ஹென்றி ஜாக்சன், யெல்லோஸ்டோன் பகுதியைப் படம்பிடித்து வந்தார். அந்தப் படங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களின் கைக்குப் போயின. 1872இல் அது தேசியப் பூங்கா ஆனது. நம் பக்கத்தில் மா. கிருஷ்ணன் இருந்தார். வெவ்வேறு பாகங்களைச் சேர்த்துத் தானே உருவாக்கிக்கொண்ட கேமராவோடு காட்டில் நடந்து, கறுப்பு வெள்ளையில் யானைகளை எடுத்தார்; 1950 முதல் 1996இல் மறையும்வரை ஒரே நாளிதழில் விடாமல் பத்தி எழுதினார். எழுத்தும் படமும் ஒரே ஆளின் கையிலிருந்து வரும்போது கிடைக்கும் வலிமையை அவரிடம்தான் நான் பார்த்தேன். படம் எடுக்கும் இளைஞர்களிடம் தமிழில் நான்கு வரி தெளிவாக எழுதப் பழகுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு அவரே காரணம்.

பிழைப்பைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நான் பொள்ளாச்சியில் ஒரு ஸ்டுடியோவில் வேலை கற்றவன். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு எல்லாம் எடுத்தேன். கல்யாணங்களை இப்போதும் எடுக்கிறேன். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. அந்த இரண்டு மாதங்களும் முழுக்கக் காட்டுக்கு. ஆடியில் வால்பாறையில் தென்மேற்குப் பருவமழை கொட்டும், அட்டை காலில் ஏறும், ஒரு நாள் முழுக்க வெளிச்சமே வராமல் போகும். ஆனால் மழைக்காட்டை மழையில் பார்க்காதவர் அதைப் பார்க்கவே இல்லை என்பேன். மார்கழியில் வானம் தெளிந்து, காலை வெயில் சாய்வாக விழும்.

கானுயிர்ப் படங்களை மட்டும் விற்றுக் குடும்பம் நடத்துகிறவர்கள் நம் மாநிலத்தில் மிகக் குறைவு. என் வருமானம் பல கிளைகளிலிருந்து வருகிறது: ஆய்வு நிறுவனங்களுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் அவர்களுடைய களப்பணியைப் பதிவு செய்து தருவது, பள்ளி கல்லூரிகளில் பயிற்சி வகுப்பு, அச்சுப் பிரதிகள், எப்போதாவது பத்திரிகை. இவற்றில் முதலாவதுதான் நிலையானது. ஆய்வாளர்களிடம் பத்தாண்டுத் தரவு இருக்கும். அதை மற்றவர்களுக்குப் புரியவைக்கும் படம் இருக்காது. அவர்களோடு ஒரு பருவம் நடந்தால் விலங்கைப் பற்றி நான்கு ஆண்டுகளில் தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொள்ளலாம்.

"காசு தர இயலாது, பெயர் போடுகிறோம்" என்று கேட்டு வருபவர்களுக்கு என்னிடம் ஒரு கணக்கு உண்டு. அரசுப் பள்ளி, கிராம ஊராட்சி, வனத்துறையின் விழிப்புணர்வுப் பலகை, நீதிமன்றத்தில் காட்டுக்காக வழக்காடுபவர்கள் ஆகியோருக்கு ஒரு பைசா வாங்க மாட்டேன். பொருள் விற்கும் நிறுவனம் என்றால் கட்டாயம் கட்டணம் உண்டு. இரண்டு தரப்புக்கும் எழுத்தில்தான் கொடுப்பேன்: எந்தப் படம், எதற்காக, எத்தனை ஆண்டுகளுக்கு. போட்டிகளுக்கு அனுப்பும்முன் விதிமுறையின் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். கலந்துகொண்டாலே படத்தின் உரிமை முழுவதும் எங்களுக்கு என்று சில இடங்களில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அப்படிப்பட்ட போட்டியில் வென்றாலும் இழப்புதான்.

அனுமதிக்கு வருவோம். சரணாலயத்துக்குள் ஒளிப்படம் எடுக்க 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 28ஆம் பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி பெற வேண்டும். 2022இல் வந்த திருத்தம், வாழிடத்தில் எந்த மாற்றமும் செய்யாமல், விலங்குகளுக்குப் பாதிப்பு வராமல் எடுக்க வேண்டும் என்பதைச் சட்டத்திலேயே சேர்த்துவிட்டது. கிளையை வளைத்துக் கட்டுவதும் கூட்டை மறைக்கும் இலையைக் கிள்ளுவதும் வெறும் நாகரிகக் குறைவு என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கட்டும். பாதுகாக்கப்பட்ட பகுதிமேல் அனுமதியின்றி டிரோன் பறக்கவிடுவதை நினைத்தும் பார்க்க வேண்டாம். அனுமதிக் கடிதம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. எஸ்டேட் நிலம், கண்மாய், வயல்வெளி, ஆற்றங்கரை எல்லாம் சரணாலயத்துக்கு வெளியேதான் இருக்கின்றன. மனிதரும் விலங்கும் உரசிக்கொள்ளும் இடங்களும் அவைதான். பாதுகாப்புக்கான படங்களில் பெரும்பகுதி அங்கேதான் கிடைக்கும். எஸ்டேட்டுக்குள் நுழையுமுன் மேலாளரிடம் நேரில் சொல்லிவிடுங்கள். அதற்கடுத்து அந்த டிவிஷனின் வாட்ச்மேனிடம் சொல்லுங்கள். இரண்டாவது முக்கியம். யானை எங்கே நிற்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

யானையைப் பற்றிய என் பார்வையை மாற்றியவர் தேயிலை பறிக்கும் ஒரு அக்கா. யானைக்கூட்டம் ஒரு சரிவைக் கடந்து சோலைக்குள் போவதைக் காலையெல்லாம் எடுத்துவிட்டுத் திரும்பும்போது அவர் கேட்டார்: "யானையைப் படம் எடுக்கிறீர்கள் தம்பி, சரி. அது இடித்த எங்கள் சுவரை யார் எடுப்பது?" எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டின் பின்சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. அரிசி வாசனைக்கு வந்திருக்கிறது. வால்பாறையில் ரேஷன் கடைகளும் சத்துணவுக் கூடங்களும் இப்படி உடைபடுவது வழக்கம். பழகிப்போன செய்தி என்பதால் வெளியே இருப்பவர்களுக்கு அதன் சுமை தெரிவதில்லை. அன்று சுவரை எடுத்தேன். அந்த ஓட்டையை அடைத்திருந்த தகரத்தையும், பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய பிள்ளையையும் எடுத்தேன்.

220 சதுர கிலோமீட்டர் கொண்ட இந்தப் பீடபூமியில் தேயிலையும் மக்களும் யானைகளும் ஒரே நிலத்தில் இருக்கிறார்கள். இருட்டில், பனிமூட்டத்தில், பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடப்பவர் யானை நிற்பது தெரியாமல் அதன்மேல் போய் மோதுவதுதான் பல சாவுகளுக்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அதற்கு அவர்கள் கண்ட தீர்வு தகவல். 2011இலிருந்து யானை நிற்கும் இடத்தைக் குறுஞ்செய்தியாக ஊர்மக்களின் கைபேசிக்கு அனுப்பத் தொடங்கினார்கள். சந்திப்புகளில் உயரமான கம்பத்தில் சிவப்பு விளக்கு வைத்தார்கள். அருகில் யானை இருந்தால் கைபேசி வழியாக அந்த விளக்கை எரிய வைக்கலாம். இதை எப்படிப் படமாக்குவது என்று நெடுநாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஒரு மாலை, கடைசி வெளிச்சத்தில், பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்கள் நான்கைந்து பேர் பையும் தூக்குச்சட்டியுமாக நின்று அந்தச் சிவப்பு விளக்கை நிமிர்ந்து பார்த்தார்கள். யானை படத்தில் இல்லை. என் யானைப் படங்களிலேயே அதிகமாகக் கேட்டு வாங்கப்பட்டதும், பயிற்சிக் கூட்டங்களில் அதிகமாகக் காட்டப்பட்டதும் அதுதான்.

கண்ணுக்குத் தெரியாத காரணத்தைக் காட்டுவதுதான் எல்லாவற்றிலும் கடினம். மாயாறு பள்ளத்தாக்கில் பாறுக் கழுகுகளை எடுக்கப் போனபோது இதை நன்றாக உணர்ந்தேன். வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் இந்தியாவில் அழிந்துபோனதற்குக் காரணம், மாட்டுக்குப் போடப்பட்ட டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணி. அந்த ஊசி போட்ட மாடு சீக்கிரமே இறந்து, அதைப் பாறு தின்றால் சிறுநீரகம் செயலிழந்து அதுவும் இறக்கும். 2006இல் கால்நடைக்கு அந்த மருந்து தடைசெய்யப்பட்டது. மனிதருக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள் என்பதால் 2015இல் குப்பியின் அளவும் 3 மில்லியாகக் குறைக்கப்பட்டது. வானத்தில் வட்டமிடும் பாறுவின் படம் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் இதில் ஒரு சொல்லைக்கூடச் சொல்லாது. கால்நடை மருத்துவர், ஊசிக்குப்பி, மாடு வளர்ப்பவரின் கை, இறந்த மாட்டைப் புதைக்காமல் பாறுகளுக்காக விட்டுவைக்கும் காட்டோரம், கடைசியாகப் பறவை. இந்த வரிசையில் எடுத்தால்தான் கதை நகரும். ஒற்றைப் படத்தைத் துரத்துகிற பழக்கத்தை விட்டுவிட்டு, எட்டோ பத்தோ படங்கள் கொண்ட தொடராக யோசிக்கப் பழகுங்கள்.

ஒழுக்கத்தைப் பற்றி எனக்குச் சமரசம் கிடையாது. மலை இருவாச்சி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொண்டு, சிறு பிளவு மட்டும் விட்டு, மூன்று மாதங்களுக்கும் மேல் உள்ளேயே இருக்கும். ஆண் கொண்டுவரும் பழம்தான் அதற்கும் குஞ்சுக்கும் உணவு. கீழே மனிதர்கள் நின்றால் ஆண் பழத்தை அலகில் வைத்துக்கொண்டு தொலைவிலேயே காத்திருக்கும். வராமல் திரும்பியும் போகும். படம் எடுப்பவருக்கு அது வெறும் காத்திருப்பு. உள்ளே இருக்கும் இரண்டு உயிர்களுக்குப் பட்டினி. ஆண் பறவை வந்து அருகில் உட்கார்ந்தும் பொந்துக்கு வராமல் இருந்தால் நீங்கள்தான் தடை. எழுந்து போய்விடுங்கள். கூடு இருக்கும் மரத்தை எந்த நண்பருக்கும் சொல்லாதீர்கள், படத்தை வெளியிடும்போது இருப்பிடத் தகவலை நீக்குங்கள். இடம் தெரிந்தால் அடுத்த ஞாயிறு நாற்பது பேர் நிற்பார்கள்.

தேவாங்கை இரவில் தேடிப் போய் முகத்துக்கு நேராக ஃபிளாஷ் அடிப்பது, ஒலிப்பதிவை மீண்டும் மீண்டும் ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே இழுப்பது, இரை கட்டி வைப்பது ஆகியவற்றைச் செய்யாமலும் நல்ல படங்கள் கிடைக்கும், நேரம்தான் அதிகம் ஆகும். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் போட்டியில் 2017இல் பரிசு பெற்ற ஒரு படத்தில் இருந்த எறும்புத்தின்னி பாடம்செய்யப்பட்டது என்று சந்தேகம் எழுந்து, நிபுணர்கள் ஆராய்ந்து, 2018இல் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். ஒரு பொய்ப்படம் அடுத்து வரும் நூறு உண்மைப் படங்கள்மேல் சந்தேகத்தைப் போட்டுவிடுகிறது. அதனால்தான் மின்கம்பியையும் பிளாஸ்டிக் பையையும் கணினியில் அழிக்காதீர்கள் என்று சொல்கிறேன். உங்கள் படம் சான்றாக மாறுவதற்கான வாய்ப்பே அந்தக் கம்பியில்தான் இருக்கிறது. கேமராவில் பதிவான மூலக் கோப்பை, அதாவது ரா கோப்பைத் தொடாமல் பத்திரமாக வையுங்கள்.

தானியங்கிக் கேமரா வைப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அதிலிருக்கும் உணர்வி, சுற்றுப்புறத்திலிருந்து வேறுபட்ட வெப்பம் நகர்வதைக் கண்டறிந்து கேமராவை இயக்குகிறது. வெயில் பட்டுச் சூடான இலை காற்றில் ஆடினாலும் இயங்கும். எனவே கிழக்கு மேற்காகப் பார்க்க வைக்காமல், முன்னால் இருக்கும் புல் தாழ்வாக உள்ள இடமாகப் பார்த்து, எதிர்பார்க்கும் விலங்கின் தோள் உயரத்தில் கட்டுங்கள். பாதையில் விலங்கு மட்டும் வருவதில்லை. விறகு எடுக்கும் பெண்கள், ஒதுங்கப் போகிறவர்கள், தேன் எடுத்துத் திரும்பும் காடர் பழங்குடியினர் எல்லாரும் அதில் பதிவார்கள். அவர்கள் யாரும் படம் எடுக்க ஒப்புக்கொண்டவர்கள் அல்லர். கேமரா வைக்கும் முன் அந்த ஊரில் போய் எங்கே, எதற்காக, எத்தனை நாள் என்று சொல்லிவிடுவேன். மனிதர் பதிந்த படங்களை வேறு யாரும் பார்க்கும்முன் அழித்துவிடுவேன். யார் விறகு எடுத்தார்கள் என்று காட்டச் சொல்லி ஒருமுறை கேட்டார்கள். மறுத்தேன். இதில் வேறு கருத்து உள்ள நண்பர்கள் எனக்கு உண்டு. காட்டைத் தினமும் மிதித்து வாழும் மக்களின் நம்பிக்கையை இழந்தபின் அங்கே எந்தப் பாதுகாப்பும் நிலைக்காது என்பது என் முடிவு.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மழைக்காட்டில் கேமராவின் முதல் எதிரி ஈரம். லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்தால் செலவு கையைக் கடிக்கும். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தாலே போதும். நிறம் மாறியதும் ஜெல்லை வறுத்து மீண்டும் பயன்படுத்தலாம். ஏசி அறையிலிருந்து ஈரக்காற்றுக்கு வந்தவுடன் பையைத் திறக்க வேண்டாம், கண்ணாடி முழுக்க வியர்த்துவிடும். அட்டை ஏறாமலிருக்க, நெருக்கமாக நெய்த முழங்கால் உறை போடுங்கள். கையிருப்பு குறைவாக இருந்தால் பழைய கேமரா பாடியும் புதிய லென்ஸும் வாங்குங்கள்.

ஒவ்வொரு நாள் இரவும், எவ்வளவு களைப்பாக இருந்தாலும், படங்களை இரண்டு வட்டுகளில் ஏற்றுவேன். மூன்றாவது பிரதி வேறு ஊரில் உறவினர் வீட்டில் இருக்கிறது. கூடவே குறிப்பு: நாள், நேரம், இடம், உயிரினம், அது என்ன செய்துகொண்டிருந்தது, யார் உடனிருந்தார்கள், படத்திலிருக்கும் மனிதர் எதற்கெல்லாம் ஒப்புதல் தந்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து ஓர் ஆய்வாளரோ வழக்கறிஞரோ கேட்கும்போது குறிப்பில்லாத படத்தால் பயன் இல்லை. களைகள் மண்டிக் கிடந்த சோலைத் துண்டுகளில் நாட்டு மரக்கன்றுகளை நட்டு மீட்கும் வேலை வால்பாறையில் 2000களின் தொடக்கத்திலிருந்து நடக்கிறது. அப்படிப்பட்ட ஓரிடத்தை ஒரே பாறைமேல் நின்று, ஒரே லென்ஸில், ஆண்டுதோறும் மார்கழியில் எடுத்து வருகிறேன். தனித்தனியாகப் பார்த்தால் அவை சாதாரணப் படங்கள். வரிசையாக அடுக்கினால் உண்ணிச்செடி பின்வாங்கி, மரங்கள் தலைதூக்குவது தெரியும். எஸ்டேட் நிர்வாகத்திடம் இன்னொரு துண்டு நிலம் கேட்கப் போகிறவர்கள் இந்த வரிசையைத்தான் கொண்டுபோகிறார்கள்.

இந்தத் துறைக்கு வர விரும்பி எழுதுபவர்களில் பலர் முதுமலை, பந்திப்பூர், கபினி என்று தொடங்குகிறார்கள். சஃபாரி வண்டியின் வாடகையிலேயே சேமிப்பு கரைந்துவிடும். எல்லார் கையிலும் இருக்கும் அதே புலிதான் உங்கள் கையிலும் இருக்கும். டவுன் பஸ்ஸில் போய்வரக்கூடிய ஓர் ஏரியையோ கண்மாயையோ தேர்ந்தெடுங்கள். எந்த மாதம் தண்ணீர் வற்றுகிறது, எந்தப் பறவை எங்கே கூடு கட்டுகிறது, எந்தக் கரையில் குப்பை கொட்டுகிறார்கள், அந்த ஏரி எந்தத் துறையின் கையில் இருக்கிறது என்பதையெல்லாம் ஓராண்டு குறித்து வையுங்கள். ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் கலந்துகொள்ளுங்கள். பறவைகளை நன்றாக அறிந்தவர்கள் அங்கே வருவார்கள், கேட்டால் மகிழ்ச்சியோடு சொல்லித் தருவார்கள். கேமரா வாங்க எடுத்து வைத்திருக்கும் பணத்தில் முதலில் ஒரு பைனாகுலர் வாங்கிக்கொள்ளுங்கள்.